செல் பெருகுகிறது, ஸ்டெம் செல் எங்கே? பயோரியாக்டரில் ரத்த ஸ்டெம் செல் வளர்ப்பு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

மற்ற செல் வளர்ப்புகளில் பழகிய கை இங்கே முதலில் ஏமாறும். வேறெங்கும் செல் செத்தால் கோளாறு, பெருகினால் நலம். ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல் வளர்ப்பில் கலன் நிரம்பி வழியும், உயிர்ப்பு 95 சதவீதம் காட்டும், பிஹெச்சும் ஆக்சிஜனும் சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் நமக்கு வேண்டிய செல் நான்கு நாட்களுக்கு முன்பே தீர்ந்து போயிருக்கும். ஸ்டெம் செல் மெதுவாக இரண்டாகப் பிரிந்து பெருகும். அதிலிருந்து முளைத்த முன்னோடி செல்கள் வேகமாகப் பிரியும். எண்ணிக்கை என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் கூட்டம்தான்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. 1988-இல் பாரிசில் ஃபான்கோனி ரத்தசோகை கொண்ட ஒரு சிறுவனுக்கு எலியான் குளூக்மன் குழுவினர் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று செய்தார்கள். அன்றிலிருந்து இருக்கும் முட்டுக்கட்டை ஒன்றே: ஒரு தொப்புள்கொடியில் கிடைக்கும் ஸ்டெம் செல் வளர்ந்த மனிதர் ஒருவருக்குப் பல நேரம் போதாது. சேமித்த ஒரு பையில் சிடி34 செல்கள் (ஸ்டெம் செல்லும் இளம் முன்னோடிகளும் மேற்பரப்பில் தாங்கும் சிடி34 என்ற அடையாளப் புரதம் கொண்டவை) சில மில்லியன்தான் இருக்கும். அதைப் பெருக்கித் தருவதுதான் செல் வளர்க்கும் கலனான பயோரியாக்டரின் வேலை. பெருக்கிய பின் உள்ளே ஸ்டெம் செல் இல்லையென்றால், நோயாளிக்குப் போவது சில வாரங்களில் தீர்ந்துபோகும் ரத்தம் மட்டுமே.

எதையும் திருகுவதற்கு முன்

ஒவ்வொரு ஓட்டத்திலும், விதைத்த அதே நாளில், அதே செல் கூட்டத்திலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு சிறு தட்டிலோ குடுவையிலோ இணையாக வளர்த்துக்கொள்ளுங்கள். அதே மீடியம் (ஊட்டத் திரவம்), அதே சைட்டோகைன் (செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம்). பிழை தேடும்போது இதற்கு ஈடான கருவி வேறில்லை. தட்டிலும் கலனிலும் ஒரே கோளாறு என்றால் குற்றம் செல்லிலோ மீடியத்திலோ இருக்கிறது. தட்டில் நன்றாக வளர்ந்து கலனில் மட்டும் படுத்தால் கலன், பை, குழாய், கலக்கி, உணரி என்று தேடுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்கள் ஒரு கோளாறுக்கு மூன்று மாற்றங்களை ஒரே நாளில் செய்துவிட்டு, எது பலித்தது என்று தெரியாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: மூன்று நாளாகியும் எண்ணிக்கை ஏறவில்லை

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பிரித்த சிடி34 செல்களில் பெரும்பகுதி பிரியாமல் ஓய்வில் இருப்பவை. சைட்டோகைன் பட்ட பிறகும் முதல் பிரிவுக்கு ஏறத்தாழ இரண்டு நாள் பிடிக்கும். மிக ஆதியான செல்கள் இன்னும் தாமதிக்கும். எனவே முதல் 72 மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டிருப்பது நல்லது. இந்த இடைவெளியில் பயந்துபோய் சைட்டோகைனை இரட்டிப்பாக்கினால் அடுத்த வாரம் வேறு தொல்லை வரும்.

உறைநிலையிலிருந்து உருக்கிய செல் என்றால் உயிர்ப்பை இரண்டு முறை பாருங்கள்: உருக்கியவுடன் ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று. உருக்கும்போது காயம் பட்ட செல் உடனே சாவதில்லை. சவ்வு முழுதாக இருக்கும், சாயத்தை உள்ளே விடாது, மறுநாள் சாகும். முதல் நாள் 90 சதவீதம் காட்டிய கூட்டம் மறுநாள் 60-க்கு இறங்கினால், நீங்கள் விதைத்ததாக எண்ணிய அளவு உண்மையில் விதைக்கப்படவில்லை. கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

உருக்கும்போது செல்கள் பசைபோல் திரண்டால், செத்த வெள்ளணுக்களிலிருந்து வெளியேறிய டிஎன்ஏதான் அந்தப் பசை. டிஎன்ஏஸ் நொதி அதை வெட்டும். ஆனால் அந்த நொதி வேலை செய்ய மக்னீசியமும் கால்சியமும் வேண்டும். கட்டி உடைய வேண்டும் என்று ஒருபக்கம் அந்த இரு உலோகங்களையும் பிடித்துவைக்கும் ஈடிடிஏவும் மறுபக்கம் டிஎன்ஏஸும் சேர்த்தால் ஒன்று மற்றதை முடக்கிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் நாளிலும் அசைவில்லை, இணைத் தட்டில் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பையைச் சந்தேகியுங்கள். சில பாலிஎத்திலீன் படலங்களில் சேர்க்கும் பாஸ்பைட் வகை ஆக்சிஜனேற்றத் தடுப்பான், கதிர்வீச்சால் கிருமி நீக்கும்போது சிதைந்து, செல் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பாஸ்பேட் சேர்மமாக மீடியத்தில் கசியும். 2013 வாக்கில் இது வெளிச்சத்துக்கு வந்து, படலம் செய்பவர்கள் பலர் கலவையை மாற்றினார்கள். சோதிப்பது எளிது: செல் இல்லாத மீடியத்தைப் பையில் மூன்று நாள் 37 டிகிரியில் வைத்து, அந்த மீடியத்தில் தட்டில் செல் வளர்த்துப் பாருங்கள். அங்கும் படுத்தால் குற்றவாளி பைதான். சீரம் இல்லாத மீடியத்தில் இது கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் கசியும் சேர்மத்தைப் பிடித்துக்கொள்ளப் புரதம் குறைவு.

அறிகுறி: எண்ணிக்கை பிரமாதம், சிடி34 சதவீதம் சரிகிறது

இந்தத் துறையின் மையக் கோளாறு இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு மாதிரிக் கணக்கு. முதல் நாள் 10 லட்சம் செல் விதைக்கிறீர்கள். அதில் சிடி34 உள்ளவை 90 சதவீதம், அதாவது 9 லட்சம். ஸ்டெம் செல் அடையாளத்துக்கு நெருக்கமான சிடி90 உள்ள, சிடி45ஆர்ஏ இல்லாத கூட்டம் 10 சதவீதம், அதாவது 1 லட்சம். பன்னிரண்டாம் நாள் 8 கோடி செல். எண்பது மடங்கு. சிடி34 அதில் 20 சதவீதம், அதாவது 1.6 கோடி, கிட்டத்தட்ட பதினெட்டு மடங்கு. ஆனால் சிடி90 கூட்டம் 0.1 சதவீதமாகிவிட்டது என்றால் அது 80,000. தொடங்கியதைவிடக் குறைவு. ஒரே ஓட்டத்தை எண்பது மடங்கு வெற்றி என்றும் சொல்லலாம், 20 சதவீத இழப்பு என்றும் சொல்லலாம். மூன்றையும் முழு எண்ணிக்கையில் ஒரே தாளில் வரைந்து, எந்த நாளில் கோடுகள் பிரிகின்றன என்று பாருங்கள். அந்த நாளில்தான் உங்கள் பிழை இருக்கிறது.

கோடுகள் ஐந்தாம், ஆறாம் நாளுக்குப் பிறகு பிரிந்தால், பெரும்பாலும் காரணம் பிள்ளைகள் தாய்க்கு அனுப்பும் செய்தி. முதிர்ந்துவரும் செல்கள், குறிப்பாக மோனோசைட் எனும் வெள்ளணு வகை, டிஜிஎஃப்-பீட்டா, சிசிஎல்3 போன்ற தடுப்புப் பொருட்களைச் சுரக்கும். உடலில் இது தேவையான ஒழுங்கு: போதுமான ரத்தம் உண்டாகிவிட்டது, நிறுத்து என்று சொல்லும் ஏற்பாடு. மூடிய கலனில் அந்தச் செய்தி வெளியேற வழியின்றிக் குவிகிறது. 2012-இல் டொரோண்டோவில் பீட்டர் ஸாண்ட்ஸ்ட்ராவின் குழு இதற்கொரு வழியைக் காட்டியது. மீடியத்தை முழுதாக மாற்றாமல், புது மீடியத்தைத் தொடர்ந்து சேர்த்து, கன அளவைப் பெருக்கிக்கொண்டே போய், தடுப்புப் பொருட்களை நீர்த்துப்போக வைத்தார்கள். 12 நாள் வளர்ப்பில் எலியில் ஊன்றக்கூடிய (உடலில் குடியேறி ரத்தம் உண்டாக்கக்கூடிய) ஸ்டெம் செல்களே பெருகின.

உங்கள் கலனில் என்ன செய்யலாம்? பங்கு பங்காகப் புது மீடியம் சேர்ப்பவராக இருந்தால், சேர்க்கும் அளவை நாளைப் பார்த்து முடிவு செய்யாமல் செல் அடர்த்தியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மில்லிலிட்டருக்குச் சில லட்சத்திலேயே நீர்க்கத் தொடங்குங்கள். 20 லட்சம், 30 லட்சம் என்று ஏறவிட்டுப் பிறகு நீர்ப்பது, வெள்ளம் வந்த பின் கரை கட்டுவது போல. மீடியம் தொடர்ந்து உள்ளே வந்து வெளியேறும் பெர்ஃப்யூஷன் முறையிலும் தடுப்புப் பொருள் வெளியேறும். ஆனால் அதோடு விலையுயர்ந்த சைட்டோகைனும் வெளியேறும். ஓட்ட வேகத்தை ஏற்றியவர்கள் உள்வரும் மீடியத்தில் ஸ்டெம் செல் ஃபேக்டர், த்ராம்போபொயட்டின் ஆகிய சைட்டோகைன்கள் உரிய செறிவில் இருக்கின்றனவா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

கோடுகள் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே பிரிந்தால் கதை வேறு. விதைத்த கூட்டம் சுத்தமாக இல்லை என்று பொருள். காந்தமணி கொண்டு பிரித்த சிடி34 தூய்மை 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், ஒட்டிக்கொண்டு வந்த மோனோசைட்டுகள் முதல் நாளிலிருந்தே தடுப்புச் செய்தியை அனுப்புகின்றன. மறுபடி பிரித்தெடுங்கள். நடுவழியில் ஒருமுறை சிடி34 செல்களை மட்டும் தேர்ந்து மறுவிதைப்பு செய்வதும் பலிக்கும். ஆனால் ஒவ்வொரு பிரிப்பிலும் இழப்பு உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள்.

எந்த வகை முதிர்ந்த செல் கலனை நிரப்புகிறது என்பதும் துப்பு கொடுக்கும். சிடி41 உள்ள பெருத்த செல்கள் (தட்டணுவை உண்டாக்கும் மெகாகேரியோசைட்டுகள்) ஏறினால் த்ராம்போபொயட்டின் பங்கு கூடிவிட்டது. ஆனால் தட்டணுக்கள் மற்ற செல்மேல் ஒட்டிக்கொண்டும் சிடி41 காட்டும், எனவே நுண்ணோக்கியில் ஒருமுறை கண்ணால் பாருங்கள். வெள்ளணு வகைகளின் அடையாளங்களான சிடி14, சிடி15 ஏறினால் இன்டர்லூகின்-3 என்ற சைட்டோகைன் அல்லது சீரம் அந்தப் பக்கம் இழுக்கிறது. ஸ்டெம் செல் ஃபேக்டரும் இன்டர்லூகின்-6-உம் உள்ள வளர்ப்பு வாரக்கணக்கில் நீண்டால் மாஸ்ட் செல்கள் முளைக்கும். ஆதிச் செல்களில் காணும் சிடி117 அடையாளம் அவற்றுக்கும் உண்டு. அதை மட்டும் நம்பி அவற்றை ஆதிச் செல் என்று எண்ணிவிட வேண்டாம்.

2010-இல் அறிவிக்கப்பட்ட எஸ்ஆர்1, 2014-இல் மாண்ட்ரியலில் கீ சோவாஜோ குழு அறிவித்த யூஎம்171 போன்ற சிறு மூலக்கூறுகள் இந்தச் சரிவைத் தாமதப்படுத்தும். முதலாவது அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியை அடைத்து முதிர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது. நிகோடினமைடு சேர்த்து வளர்த்த தொப்புள்கொடி ரத்தத் தயாரிப்பான ஓமிடுபிசெல், ஏப்ரல் 2023-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஆனால் கலனில் தடுப்புப் பொருள் குவிந்துகிடக்கும்போது மூலக்கூறு சேர்த்துச் சரிசெய்யலாம் என்று எண்ண வேண்டாம். முதலில் நீர்ப்பு, பிறகு மூலக்கூறு. இவை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வருபவை. எனவே மூலக்கூறு இல்லாத ஒப்பீட்டு வளர்ப்பிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ சேர்க்காவிட்டால் ஒப்பீடே செல்லாது.

அறிகுறி: சிடி34 நன்றாக இருக்கிறது, ஆனால் எலியில் ஊன்றவில்லை

மனம் உடையும் கோளாறு. ஏனென்றால் விடை தெரிய நான்கு மாதம் ஆகிறது.

அடையாளங்கள் வளர்ப்பில் பொய் சொல்லும் என்பதில் தொடங்குங்கள். புதிதாக எடுத்த ரத்தத்தில் சிடி34 உள்ளது, சிடி38 இல்லாதது என்ற கூட்டத்தில் ஸ்டெம் செல் செறிந்திருக்கும். வளர்ப்பில் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. முதிர்ந்த முன்னோடிகளும் சிடி38-ஐ இழந்துவிடுவதால், சிடி38 இல்லாத கூட்டம் பல மடங்கு பெருகியதாகத் தோன்றும். அதை வெற்றி என்று எழுதிய அறிக்கை எதையும் நான் அப்படியே ஏற்பதில்லை. சிடி90 உள்ளது, சிடி45ஆர்ஏ இல்லாதது, அதோடு ஈபிசிஆர் எனப்படும் சிடி201 என்ற கூட்டு அடையாளம் வளர்த்த செல்களுக்குக் கூடுதல் நம்பகம். ஜான் டிக் குழு 2011-இல் காட்டிய சிடி49எஃப், புதிதாக எடுத்த செல்லுக்கு மிக நல்ல அடையாளம். சிடி90 மங்கலாகத் தெரியும் அடையாளம் என்பதால், ஒளிர் சாயத்தில் பளிச்சென்ற ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். அடையாளம் உள்ளது, இல்லாதது என்று பிரிக்கும் எல்லைக்கோட்டை ஊகித்துப் போடாமல், அந்த ஒரு நிறத்தை மட்டும் விட்டுச் சாயமேற்றிய மாதிரியை வைத்துப் போடுங்கள்.

பிறகு செயல் சோதனைகளைச் சரியாகப் படிக்க வேண்டும். அரைத்திண்ம மெத்தில் செல்லுலோஸில் 14 நாளில் எண்ணும் காலனிகள் முன்னோடி செல்லின் சோதனை. அதில் நல்ல எண் வந்தால் முன்னோடி உண்டு என்று மட்டுமே பொருள். துணைச் செல் படுகையின்மேல் ஐந்து வாரம் வளர்த்துப் பிறகு காலனி எண்ணும் சோதனை ஒருபடி நெருங்கும். நோயெதிர்ப்பு இல்லாத எலியில் 16 வாரத்துக்கு மேல் மனித ரத்தம் ஓடினால்தான் நீண்டகால ஸ்டெம் செல் என்று சொல்ல முடியும். 8 வாரத்தில் பார்த்துவிட்டு மகிழ்ந்தால் குறுகிய ஆயுள் முன்னோடிகளையே பார்த்திருப்பீர்கள். ஒரே அளவில் செலுத்தி ஊன்றிய சதவீதத்தை ஒப்பிடுவதும் போதாது. பல அளவுகளில் நீர்த்துச் செலுத்துங்கள். எந்த அளவில் 37 சதவீத எலிகளில் ஊன்றாமல் போகிறதோ, அந்த அளவில் சராசரியாக ஒரு ஸ்டெம் செல் இருக்கிறது. முளைக்காத எலிகளை வைத்து முளைத்த செல்லை எண்ணுவது என் கண்ணுக்கு இந்தத் துறையின் மிக அழகான கணக்கு. மண்ணீரலில் முளைத்த கட்டிகளை எண்ணி 1961-இல் டில்லும் மக்கல்லக்கும் தொடங்கிய வழக்கம், இப்படித்தான் வளர்ந்தது.

செல் உண்மையிலேயே இருந்தும் ஊன்றாமல் போகலாம். பிரிவின் நடுவில் உள்ள செல் எலும்பு மஜ்ஜைக்கு வழி கண்டு சேர்வதில் பின்தங்கும். அறுவடைக்கு முந்தைய நாள் செல் சுழற்சி நிலையையும், மஜ்ஜைக்கு வழிகாட்டும் ஏற்பியான சிஎக்ஸ்சிஆர்4 அளவையும் பாருங்கள். அறுவடை முறையும் காரணமாகலாம். ஹால் பிராக்ஸ்மெயர் குழு 2015-இல் காட்டியது இது: மஜ்ஜையையோ தொப்புள்கொடி ரத்தத்தையோ சாதாரணக் காற்றில் சில நிமிடம் வைத்தாலே, மைட்டோகாண்ட்ரியா வழியாக எழும் ஆக்சிஜன் அதிர்ச்சியில் ஸ்டெம் செல்கள் தன்மை மாறி எண்ணிக்கை விழுகிறது. குறைந்த ஆக்சிஜனில் பத்து நாள் பேணிவிட்டு, கடைசி நாள் திறந்த மேசையில் இரண்டு மணி நேரம் கழுவுகிற வழக்கம் இருந்தால், அங்கே முதலில் கை வையுங்கள்.

அறிகுறி: ஆக்சிஜன் எண் சரி, செல் நடத்தை சரியில்லை

திரையில் உள்ள எண் எதன் சதவீதம் என்று கேளுங்கள். இன்குபேட்டர் காட்டும் 5 என்பது வாயுவில் 5 சதவீத ஆக்சிஜன். பயோரியாக்டர் உணரி காட்டுவது பெரும்பாலும் காற்றோடு ஒப்பிட்ட நிறைவு. காற்றே 100. 5 சதவீத ஆக்சிஜன் வேண்டுமென்றால் அங்கே ஏறத்தாழ 24 என்று இட வேண்டும். நினைவின்றி 5 என்று இட்டால் செல்லுக்குக் கிடைப்பது 1 சதவீதம். இந்த ஒரு குழப்பம் பல மாத உழைப்பை விழுங்கியிருக்கிறது.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு உடலே அளவுகோல். 2014-இல் உயிருள்ள எலியின் மஜ்ஜையில் நேரடியாக அளந்தபோது பெரும்பகுதி 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தது. ஆழத்தில், சைனசாய்டு ரத்தநாளங்களை ஒட்டிய இடங்களில் 10-க்கு அருகே, அதாவது 1.3 சதவீதம். 5 சதவீத வாயு என்பது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். அதிக ஆக்சிஜன் சிவப்பணு, மெகாகேரியோசைட் வரிசைகளை முதிர வைக்கும். எனவே ஆக்சிஜன் கூடிவிட்டால் சிடி34 சரிவோடு இந்த இரண்டும் ஏறும்.

குமிழியிட்டுக் காற்று ஊட்டுபவராக இருந்தால் நிறுத்திப் பாருங்கள். இந்த அடர்த்தியில் செல்லின் ஆக்சிஜன் தேவை சிறிது. மேற்பரப்பு வழியே போவதே சிறு கலன்களில் போதும். குமிழி வெடிக்கும் இடத்தில்தான் செல் கிழிகிறது.

அறிகுறி: பிஹெச் இறங்கிக்கொண்டே போகிறது

முதலில் அளவையே சோதியுங்கள். மாதிரி எடுத்து மேசையில் ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் கரியமில வாயு வெளியேறி பிஹெச் ஏறிவிடும். அதை நம்பி உணரியைத் திருத்தினால் நல்ல உணரி கெட்டுப்போகும். காற்றுப் படாத சிரிஞ்சில் எடுத்து, ரத்த வாயு அளவியில் உடனே பாருங்கள்.

இறக்கம் உண்மை என்றால் லாக்டேட்டா, கரியமில வாயுவா என்று பிரித்தறியுங்கள். ஒரு குளுக்கோஸ் அதிகபட்சம் இரண்டு லாக்டேட் தரும். செலவான குளுக்கோஸுக்கும் விளைந்த லாக்டேட்டுக்கும் உள்ள விகிதம் 2-ஐ ஒட்டி நின்றால் செல்கள் முழுக்க, ஆக்சிஜன் இன்றிக் குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸில் ஓடுகின்றன. லாக்டேட் 20 மில்லிமோலாருக்கு மேல் ஏறவிடாதீர்கள். மருந்து மறுபடி நீர்ப்புதான். லாக்டேட் குறைவாக இருந்தும் பிஹெச் இறங்கினால் மேல்வெளி வாயு ஓட்டம் போதவில்லை, கரியமில வாயு தேங்குகிறது.

காரம் சேர்த்துச் சமாளிப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். மெதுவாகக் கலக்கும் கலனில் மேலிருந்து சொட்டும் அடர் காரம், விழும் இடத்தில் செல்லைக் கொல்லும். மேலும் சோடியம் கலனை விட்டுப் போவதில்லை. 280-300 இல் தொடங்கிய ஆஸ்மோலாலிட்டி (மீடியத்தில் கரைந்தவற்றின் மொத்தச் செறிவு) நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று அளந்துகொண்டே இருங்கள். பிஹெச் 7.6-க்கு ஏறினால் சிவப்பணு வரிசை முந்தும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 7.2 முதல் 7.4 வரை நிற்க வைப்பதே பாதுகாப்பு.

அறிகுறி: எண்ணிக்கை குறைந்தது, செத்த செல் தெரியவில்லை

செல் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. கலக்கியின் அடி, மாதிரிக் குழாய், பையின் மூலை. மாதிரி எடுப்பதற்கு முன் குழாயில் தேங்கியதை ஒருமுறை இழுத்து விடுங்கள். அடியில் படிகிறது என்றால் கலக்கல் போதவில்லை. வேகத்தை ஏற்றியதும் உயிர்ப்பு குறைந்து, கிழிந்த செல்லிலிருந்து கசியும் எல்டிஹெச் நொதி மீடியத்தில் ஏறினால், விளிம்பைத் தாண்டிவிட்டீர்கள். சிறு குடுவைகளில் நிமிடத்துக்கு 30 முதல் 60 சுற்று வரை பலரும் ஓட்டுகிறார்கள். ஆனால் கலன் பெரிதானால் சுற்று எண்ணை அப்படியே எடுத்துப் போக முடியாது, கலக்கித் துடுப்பின் நுனி வேகத்தைக் கணக்கிடுங்கள்.

அறிகுறி: தெளிவாக இருக்கிறது, ஆனால் எல்லாமே மந்தம்

கலங்கினால் பாக்டீரியா. கலனைக் கழியுங்கள், பேச்சே இல்லை. கலங்காமல், பிஹெச்சும் பெரிதாக மாறாமல், வளர்ச்சி மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் மந்தமாகிக்கொண்டே போனால் மைக்கோபிளாஸ்மாவுக்கு பிசிஆர் பாருங்கள். செல்சுவர் இல்லாத கிருமி, வளையும், 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நுழைந்துவிடும். பெனிசிலின் அதற்கு வேலை செய்யாது.

அறிகுறி: ஒரு கொடையாளரிடம் பலிக்கிறது, அடுத்தவரிடம் பலிக்கவில்லை

எல்லாம் சரிபார்த்த பிறகு மிஞ்சுவது இது. இதற்குத் திருகு எதுவும் இல்லை. ஒவ்வொரு தொப்புள்கொடியும் வேறு. ஒன்றில் சிடி90 கூட்டம் கனமாக இருக்கும், மற்றொன்றில் தேடிப்பிடிக்க வேண்டும். ஒரே கொடையாளரின் செல்லில் செய்த மாற்றத்தை முறை என்று எழுதிவிடாதீர்கள். குறைந்தது மூன்று கொடையாளரிடம் தனித்தனியே ஓட்டுங்கள். பலரைக் கலந்து ஒரே கலனில் ஊற்றினால் சராசரி அழகாக வரும், பிழை உள்ளே மறைந்துகொள்ளும். ஒவ்வொரு கொடையிலும் விதைக்காத ஒரு பங்கை உறைய வைத்து, நாள், தூய்மை, சிடி90 சதவீதம் எழுதி ஒட்டிவிடுங்கள். நான்கு மாதம் கழித்து எலியின் விடை எதிர்பாராமல் வரும்போது, மறுபடி கேள்வி கேட்க உங்களிடம் மிஞ்சியிருப்பது அந்தக் குப்பி மட்டும்தான்.